அஞ்சலையம்மாளின் ‘மே’

போன வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, கூலாயிலிருந்து வரும் பஸ் எங்கள் ஊர் பத்து பாகாட்டின் கடைத்தெருவில் நின்றது. டிரைவர் காசிம் இறங்கி நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். எப்போதும் ஹாரன் அடித்தே கூப்பிடுகிற மனிதர். அன்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றதிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

“மிஸ்ஸி, மே அம்மா போய்ட்டாங்க. விடியக்காலையில. அவங்க தங்கச்சி மக உங்களைக் கையோட கூட்டிட்டு வரச் சொல்லுச்சு. பதினொன்னுக்கு வண்டி திரும்புது.”

“எடுத்துடுவாங்களா காசிம்?”

“நீங்க வந்தாத்தான் எடுப்பாங்களாம். சொல்லி வச்சிட்டுப் போயிருக்காங்க.”

சொல்லி வைக்காமல் போகிற ஆளா அவர்! அந்த வேளையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து, பெட்டியின் அடியில் கிடந்த பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அதை ஏன் எடுத்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அஞ்சலையம்மாளை அறிந்தவர்கள் ஜோகூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அறியாதவர்களுக்காக அவரைப் பற்றி முதலிலிருந்து சொல்கிறேன். பாலோவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர் அவர். கணவர் இறந்தபின் ஜோகூர் பாருவுக்கு வந்து, நான் நர்சாக இருந்த ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தார். நர்சுகளை இங்கே எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் அழைப்பார்கள். அவரும் கடைசிவரை என்னை அப்படித்தான் அழைத்தார். எங்கள் இருவருக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும், அவருக்குத் தெரியாது. அதனால் நான்தான் கெட்டிக்காரி என்று முதல் வருஷம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிங்கப்பூருக்குக் கடல்மேல் பாதை போட்டு ரயில் ஓடத் தொடங்கிய புதிது அது. ஆண்கள் வார்டில் ஆள் போதவில்லை என்று எங்கள் இருவரையும் அங்கே மாற்றியிருந்தார்கள். ஒருநாள் காலை ஒரு பேண்டு வாத்தியக்காரரைக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். மணிலாவிலிருந்து வந்தவர், கிளாரினெட் வாசிப்பவர். வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. வாய் கோணியிருந்தது. அவருடைய பெயரை எங்களில் யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை, ஆகவே மணிலாக்காரர் என்றே அழைத்தோம்.

இருபது வருஷம் இந்த ஊரில் மலாய் பேசி மீன் வாங்கிய மனிதருக்கு ஒரு மலாய் வார்த்தைகூட மிஞ்சவில்லை. ஆங்கிலமும் போய்விட்டது. சிறு வயதில் வீட்டில் பேசிய பாஷை மட்டும் துண்டு துண்டாக வந்தது. அது ஸ்பானிய பாஷை என்று, அவரோடு அதே பேண்டில் டிரம் அடிக்கும் நண்பர் சொன்னார். நல்ல மனிதர் அந்த டிரம்காரர். ஆனால் அவர் வீட்டில் ஐந்து பிள்ளைகள், மனைவி நோயாளி. பேண்டோடு அவர் இரண்டு மாதம் வெளியூர் சுற்ற வேண்டியிருந்தது.

பெரிய டாக்டர் கண்டிப்பானவர். “இரண்டு மாதம் கட்டில் தருகிறேன். அதற்குமேல் கிடையாது. திக்கற்றவர்களை வைக்கிற இடத்துக்கு அனுப்பிவிடுவேன்” என்றார். அந்த இடத்தை நாங்கள் அறிவோம். அங்கே போனவர்கள் யாரும் எழுந்து நடந்து திரும்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. டிரம்காரர் எங்கள் பக்கம் திரும்பி, “செண்டிரி போலே?” என்று மலாயில் கேட்டார். தன் காரியத்தைத் தானே செய்துகொள்ள முடியுமா என்று கேட்கிறார். முடிந்தால் திரும்பி வந்ததும் தன் வீட்டுக்கே அழைத்துப் போகிறேன் என்றார். எழுந்திருக்க வேண்டும், முகம் கழுவ வேண்டும், உடுத்த வேண்டும், தலை வார வேண்டும். இந்த நான்கையும் வேறொருவர் கை படாமல் செய்தால் போதும்.

“போலே”, முடியும் என்றார் அஞ்சலையம்மாள். யாரும் அவரைக் கேட்கவேயில்லை.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். “உங்களுக்கு வேற வேலை இல்லையா? நாப்பது கட்டில் இருக்கு. கை விளங்காத ஆளுக்கு வாக்குக் குடுக்கிறீங்க” என்றேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். “மிஸ்ஸி, என் வீட்டுக்காரரு தோட்டத்துல விழுந்து இதே மாதிரிதான் கெடந்தாரு. நான் மகராசி, எல்லாம் நானே செஞ்சேன். கழுவி விட்டேன், கட்டி விட்டேன், ஊட்டி விட்டேன். எடது கை அவருக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அந்தக் கையைத் தூக்கவே நான் விடல. ரெண்டு வருசம் படுத்தவரு படுத்தவருதான். நோவு ஒரு பக்கத்தைத்தான் எடுத்துச்சு, மறு பக்கத்தை நான் எடுத்தேன். இந்த ஆளை நான் படுக்க வைக்க மாட்டேன்.”

நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தேன்.

மணிலாக்காரர் காலையில் கண் விழித்ததும் சில சொற்களை ஒரே வரிசையில் முனகுவார். கூடவே இடக்கையால் கட்டிலையும் முகத்தையும் சட்டையையும் தலையையும் தொட்டுக் காட்டுவார். அவை எழுவது, கழுவுவது, உடுத்துவது, வாருவது என்று ஊகிக்க அதிக அறிவு தேவைப்படவில்லை. அவர் பாஷையிலேயே சொல்லி அவரை வேலை செய்ய வைக்கலாம் என்பது அஞ்சலையம்மாளின் யோசனை. காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் நான் எழுதினேன்: லெபாந்தோ. லாபோ. பிஸ்தோ. பேய்னோ. பக்கத்திலேயே பொருளும் எழுதினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அவர் “மே…” என்று இழுத்தார். வாய் கோணிய மனிதரின் முனகல் அது என்று தீர்மானித்து அதை நான் எழுதவில்லை.

எதிர்க் கட்டிலில் காலில் புண்ணோடு மாயாண்டி என்கிற தோட்டத்து ஆள் கிடந்தார். வாய்த் துடுக்கு அதிகம். “மே மேன்னு விடிய விடியக் கத்துறாரு. மிஸ்ஸி, இது வார்டா ஆட்டுப்பட்டியா? நாலு தழை ஒடிச்சுப் போடுங்க” என்பார். வார்டு முழுவதும் சிரிக்கும். நானும் சிரித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுநாள் முதல் அஞ்சலையம்மாள் முகம் கழுவத் தண்ணீர் வைத்த பேசினை ஏந்தி நின்று, “லாபோ” என்பார். மணிலாக்காரர் முகம் சிவக்கும். இடக்கையால் பேசினை ஓங்கி ஒரு தட்டு தட்டுவார். தண்ணீர் முழுவதும் அஞ்சலையம்மாளின் புடவையில் கொட்டும். சீப்பை நீட்டி “பேய்னோ” என்றால் சீப்பு சன்னலுக்கு வெளியே பறக்கும். இப்படி மூன்று வாரம் நடந்தது. “நன்றி கெட்ட மனுஷன்! நான் போய் டாக்டர்கிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன்” என்று நான் கிளம்பினேன்.

“ஒரு வாரம் பொறுங்க மிஸ்ஸி. அவரு என்னை அடிக்கல. பேசினைத்தான் அடிக்கிறாரு. நம்ம ஏதோ தப்பாச் சொல்றோம்” என்றார் அவர். ஈரப் புடவையைப் பிழிந்தபடி இதைச் சொன்னார்.

தப்பு வெளிப்பட்ட விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வரும். மழை பெய்த ஒரு காலை. நனைந்து வந்த அஞ்சலையம்மாள், பக்கத்துக் கட்டில் சீனக் கிழவருக்குத் தலை வாரிவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மணிலாக்காரர், “பேய்னா அல் சீனோ” என்றார். பிறகு அஞ்சலையம்மாள் ஓரமாகத் திரும்பி நின்று, நனைந்த தன் கூந்தலை அவிழ்த்து வாரிக்கொண்டார். மணிலாக்காரர் அவரையே சுட்டி, உரக்கச் சொன்னார்: “சே… பேய்னா!”

மாயாண்டி கட்டிலில் உருண்டார். “அலமாக்! சே, பேய்னு சொல்லிட்டாரு! ஆயா, உங்களைத்தான்! தலைய விரிச்சுப் போட்டா மணிலாக்காரருக்குக்கூடப் பேய்தான் தெரியுது!”

வார்டே அதிர்ந்தது. அஞ்சலையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கூந்தலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். பிறகு மணிலாக்காரர் அருகில் போய், சீனக் கிழவரின் தலையைக் காட்டினார். “பேய்னா” என்றார் மணிலாக்காரர். அஞ்சலையம்மாள் தன் தலையைக் காட்டினார். “சே பேய்னா.” கடைசியில் சீப்பை மணிலாக்காரரின் இடக்கையில் வைத்து, அவருடைய தலையைக் காட்டினார்.

“மே பேய்னோ” என்றார் மணிலாக்காரர். அவர் கண்ணில் தண்ணீர்.

அஞ்சலையம்மாள் என்னிடம் ஓடிவந்தார். “மிஸ்ஸி, அவரு முனகல! அடுத்தவங்களுக்கு வாரிவிட்டா வெறும் ‘பேய்னா’. தனக்குத்தானே வாரிக்கிட்டாத்தான் முன்னாடி ஒன்னு சேர்க்கிறாரு. எனக்கு ‘சே’, அவருக்கு ‘மே’. நம்ம வாரிக்கிறேன், கழுவிக்கிறேன், உடுத்திக்கிறேன்னு சொல்றோமே, அந்த ‘க்கிறேன்’தான் அந்த ‘மே’. நம்ம அதை வாலுல வைக்கிறோம், அவங்க தலையில வைக்கிறாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்!”

நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். லாபோ, பிஸ்தோ, பேய்னோ. மூன்று வாரமாக ஒரு மானமுள்ள மனிதரின் முகத்துக்கு நேரே நின்று, கழுவிவிடுகிறேன், உடுத்திவிடுகிறேன், வாரிவிடுகிறேன் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். ‘நானே’ என்று அவர் சொன்னதை மட்டும் முனகல் என்று நான் வெட்டி எறிந்திருக்கிறேன். அவர் பேசினைத் தட்டாமல் என்ன செய்வார்? படித்தவள் என்ற என் திமிர் அன்றைக்குச் சரியாக அடிபட்டது.

“எழுதுங்க மிஸ்ஸி. ஒவ்வொன்னுக்கும் முன்னாடி ‘மே’ போடுங்க. பெருசாப் போடுங்க” என்றார் அஞ்சலையம்மாள். போட்டேன். இன்றும் அந்தப் பக்கத்தில், சின்ன எழுத்துகளுக்கு முன்னால் நான்கு பெரிய ‘மே’ இருக்கிறது.

அன்றிலிருந்து பேசின் கவிழவில்லை. “மே லாபோ?” என்று அஞ்சலையம்மாள் கேட்பார். “மே லாபோ” என்று அவர் இடக்கையைத் தண்ணீரில் விடுவார். ஐந்து வாரம்தான் மிச்சம். கட்டில் கம்பியைப் பிடித்து எழ இரண்டு வாரம் போனது. எத்தனை முறை விழுந்தார் என்று நான் எண்ணவில்லை. விழும்போதெல்லாம் ஓடிப்போய்த் தூக்குவது என் வழக்கம். “நீங்க தள்ளுங்க” என்று அஞ்சலையம்மாள் என்னைத் தடுத்துவிட்டு, தரையில் அவர் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்காருவார். அவராக எழும்வரை ஊர்க்கதை பேசுவார். தமிழில்தான். மணிலாக்காரர் தலையாட்டிக் கேட்பார். சட்டை போட, விளங்காத கையை முதலில் நுழைக்க வேண்டும் என்பதைத் தன் ரவிக்கையில் ஒரு கையைத் தொங்கவிட்டுப் பழகிப் பார்த்து, அஞ்சலையம்மாளே கண்டுபிடித்தார். மாயாண்டியும் மாறிப்போனார். விடிந்ததும் எதிர்க் கட்டிலிலிருந்து, “ஐயா, மே லெபாந்தோ! வெயில் வந்துருச்சு!” என்று முதல் குரல் அவருடையதாக இருக்கும்.

டிரம்காரர் திரும்பி வந்த காலை, பெரிய டாக்டரும் வந்து கட்டில் அருகே நின்றார். அஞ்சலையம்மாள் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் முந்தானையில் சுற்றிக்கொண்டார். “இல்லன்னா தன்னால நீளும் மிஸ்ஸி” என்று என் காதில் சொன்னார்.

மே லெபாந்தோ. எழுந்தார், கம்பியைப் பிடித்து நின்றார். மே லாபோ. ஒரு கையால் முகம் கழுவினார். மே பிஸ்தோ. சட்டை நுழைந்தது. பொத்தான்கள் இரண்டு ஏறின. மூன்றாவது ஏறவில்லை. விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. நெற்றியில் வியர்வை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். என் கால் தானாக ஒரு அடி முன்னால் போனது. முந்தானைக்குள்ளிருந்து ஒரு கை விடுபட்டு என் மணிக்கட்டைப் பிடித்தது. அப்படியொரு பிடி! ஒரு வாரம் தடம் இருந்தது. “வேணாம்” என்றார். அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாவது பொத்தான் கடைசியில் ஏறியது, நான்காவதன் துளையில். சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. டாக்டர் அதைச் சுட்டிக் காட்டினார். டிரம்காரர் மலாயில் பதில் சொன்னார்: “துவான், பேண்டில் இருந்தபோதும் இவன் இப்படித்தான் போடுவான்.” டாக்டர் சிரித்துவிட்டார். “மே பேய்னோ” என்று மணிலாக்காரர் சீப்பை எடுத்து, அவசரமே இல்லாமல், கோணாமல் வகிடு எடுத்தார்.

புறப்படும்போது கோலை ஊன்றி வாசலில் நின்று திரும்பி, அஞ்சலையம்மாளைப் பார்த்து, “மே போய்” என்றார். இது எங்கள் நோட்டில் இல்லாத சொல். நான் விழித்தேன். “இதுக்குமா அர்த்தம் கேப்பீங்க? நானே போய்க்கிறேங்கிறாரு. போய்னுதானே சொல்றாரு, நம்ம பாஷைதான்!” என்று அஞ்சலையம்மாள் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

அன்று புறப்படுமுன் டிரம்காரர் என் நோட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கடைசியில் இன்னொரு சொல்லையும் சேர்க்கச் சொன்னார். ‘தே பேய்னோ’, உனக்கு நான் வாரிவிடுகிறேன் என்று பொருள். அவர்கள் ஊரில் நெருங்கினவர்களுக்கு, தாய் பிள்ளைக்குச் சொல்வதாம். நான் பேனாவை எடுத்தேன். “அதை எழுதாதீங்க. அது நமக்கு வேணாம்” என்றார் அஞ்சலையம்மாள். வரிக்கு இடம் விட்டதோடு சரி.

அதற்குப் பின்னால்தான் ‘மே அம்மா’ என்ற பெயர் நிலைத்தது. அதன்பின் எட்டு ஒன்பது வருஷம் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தார். கை வெந்து வந்த பெண், கால் போன மரம்வெட்டி, பேச்சுப் போன செட்டியார் என்று யார் வந்தாலும், எந்த பாஷைக்காரரானாலும், பேசினோடு நின்று “மே?” என்பார். ரப்பர் விலை விழுந்து தோட்டத்து ஜனங்களைக் கப்பலேற்றி அனுப்பிய காலத்தில் ஆயாக்களையும் குறைத்தார்கள். ஊருக்குப் போகிறாயா என்று ஆபீசில் கேட்டதற்கு, “போறப்போ நானே போய்க்குவேன், நீங்க அனுப்ப வேணாம்” என்று சொல்லிவிட்டு வந்து தரை துடைத்தார். அவரை நிறுத்த யாருக்கும் வாய் வரவில்லை. நான் பணியை விட்டுப் பத்து பாகாட்டுக்குக் குடிவந்த பிறகு, கால் வீங்கி மூச்சு வாங்கத் தொடங்கியதும்தான் அவர் கூலாயில் தங்கை மகள் வீட்டுக்குப் போனார்.

இரண்டு மாதம் முன்பு போய்ப் பார்த்தேன். முகமும் கையும் வீங்கியிருந்தன. கூந்தல் சிக்கலாகக் கிடந்தது. சீப்பை எடுத்தேன்.

“குடுங்க இங்க.”

“உங்களால கையத் தூக்க முடியல அஞ்சலை. இப்பவும் என்ன வீம்பு?”

“வீம்புன்னே வச்சிக்கோங்க. என் தலைய நான் வாரிக்குவேன்.” வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் வாரினார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். “கோவிச்சுக்காதீங்க மிஸ்ஸி. ஒரே ஒரு தடவை உங்களுக்கு விட்டுத் தர்றேன். அன்னிக்கு நான் சண்டை போட மாட்டேன்.”

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கூலாய் வீட்டுக்குள் நுழைந்தேன். தங்கை மகள் சரசு அழுதுகொண்டே சொன்னாள்: “விடியக்காலையில அவங்களா எந்திரிச்சாங்க. மூஞ்சி கழுவிக்கிட்டாங்க. புடவை மாத்திக்கிட்டாங்க. தலை வார உக்காந்தவங்க, பாதியில அப்படியே செவுத்துல சாஞ்சுட்டாங்க. மத்ததெல்லாம் செஞ்சுட்டோம் மிஸ்ஸி. தலைய மட்டும் நாங்க தொடல. அது நீங்கதான்னு சொல்லியிருந்தாங்க.”

ஒரு பக்கக் கூந்தல் வாரியிருந்தது. மறு பக்கம் சிக்கலாகவே இருந்தது. அன்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்ட அதே மரச் சீப்பு தலைமாட்டில் கிடந்தது. அவர் தலையை என் மடியில் எடுத்து வைத்து, சிக்கெடுத்து, அவர் விட்ட இடத்திலிருந்து வாரினேன். கை என்னைத் தடுக்க நீளவில்லை. சொன்ன சொல் தவறாதவர். வாரி முடித்து வகிடு எடுத்தபின், அவர் காதருகே குனிந்து, பத்து வருஷமாக நான் சொல்லாத அந்தச் சொல்லைச் சொன்னேன்.

வீடு திரும்பியதும் நோட்டைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் விட்டிருந்த வரியில் எழுதினேன். தே பேய்னோ. இந்தச் சொல்லுக்கு முன்னால் ‘மே’ போடவில்லை அஞ்சலை. நீங்கள் போய்க்கொள்ளுங்கள். தலை நன்றாக வாரியிருக்கிறது.